தலைமைக் குழுவினரின் வெளியிடக் கூட்டம்

ஒரு நிறுவனத்தை நடத்தும் பொறுப்புடையோர், தாம் நாடோறும் தொழில் புரியும் இடத்தை விட்டகன்று, இரண்டொரு நாள் வேறோரிடத்தில் ஒருங்கு தங்கி அந்நிறுவனத்தின் போக்கினை ஆராய்தல் இக்காலத்துப் பெருவழக்காயிற்று. வணிகத் தாபனங்களும், அரசாங்கத் திணைக்களங்களும், பல்கலைக்கழகங்களும், பாடசாலைகளுங்கூட இதனை மேற்கொள்கின்றன. அழைப்புக் கடிதங்களில் இது வதிவிடச் செயலமர்வு என்னும் பெயரோடு வரும். இக்கட்டுரையில் எளிமை நோக்கி வெளியிடக் கூட்டம் என்றே வழங்குவோம்.

இவ்வழக்கத்துக்குத் தக்க நியாயம் உண்டு. கந்தோரில் இருக்கும் தலைவர் ஒருவர் ஒரே பொருளைப்பற்றித் தொடர்ந்து அரைமணி நேரஞ் சிந்தித்தல் அரிது. தொலைபேசி அழைக்கும், கையெழுத்துக்கெனக் கோப்பு வரும், காண வந்தோர் வாயிலில் நிற்பர். கல்லூரி அதிபர் ஒருவரின் முற்பகலைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அன்றியும், பழகிய மண்டபத்திற் பழகிய நாற்காலியில் அமர்ந்தவர் பழகிய சொற்களையே சொல்வர். யார் எதனை எதிர்ப்பார், யார் மௌனமாயிருப்பார் என்பது கூட்டந் தொடங்குமுன்னரே யாவர்க்குந் தெரியும். இடம் மாறின் இக்கட்டுக்கள் சிறிது தளரும். அத்தளர்ச்சியே வெளியிடக் கூட்டத்தின் முதற் பயன்.

ஆயினும், கட்டுத் தளர்தல் வேறு, கருமம் நிறைவேறுதல் வேறு. இக்கட்டுரையாளன் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் இத்தகைய கூட்டத்தில் இருந்தறிந்தவன். மலைநாட்டு நகரொன்றில் நல்ல விடுதி. குளிருக்கு ஏற்ற உணவு. முதல்நாட் காலையில் ஒருவர்க்கொருவர் அறிமுகஞ் செய்யும் விளையாட்டொன்று நிகழ்ந்தது. அங்கிருந்தோர் பத்தாண்டுக்கு மேலாக ஒரே கட்டடத்திற் பணிபுரிந்தவர்கள்! பின்னர்ப் பிரிவுத் தலைவர் ஒவ்வொருவருந் தத்தம் அறிக்கையைத் திரையிற் காட்டி வாசித்தனர். பிற்பகலில் வண்ணத் தாள்களில் எண்ணங்களை எழுதிச் சுவரில் ஒட்டினோம். இரவு பாட்டு. மறுநாட் காலை நிறுவனத்தின் நோக்கத்தைக் கூறும் ஒற்றை வாக்கியத்தில் "சிறந்த" என்னுஞ் சொல் வேண்டுமா, "மிகச் சிறந்த" என்பது வேண்டுமா என்று இரண்டு மணி நேரம் வாதிட்டோம். நண்பகலில் நிழற்படம் எடுத்துக்கொண்டு பேருந்தேறினோம். வண்ணத் தாள்கள் விடுதிச் சுவரிலேயே தங்கிவிட்டன.

அக்காலத்தில் அந்நிறுவனத்தின் கிளையொன்று நட்டத்தில் நடந்துகொண்டிருந்தது. அதனை மூடுவதா, சீர்செய்வதா என்பதே அங்கிருந்தோர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் நின்ற வினா. இரண்டு நாளிலும் அதனை ஒருவரேனும் வாய்விட்டுக் கூறினாரில்லை. நிகழ்ச்சி நிரலில் அதற்கு இடமுமில்லை. ஆறு திங்களின் பின் கிளை மூடப்பட்டது. அச்செய்தியைச் சுற்றுநிருபத்தின் வாயிலாக அறிந்தவர்களில், அம்மலைநாட்டு மண்டபத்தில் எம்மோடிருந்த பிரிவுத் தலைவர் மூவரும் அடங்குவர். அதன்பின் நிகழ்ந்த எந்தக் கூட்டத்திலும் அம்மூவரும் மனந்திறந்து பேசக் கண்டிலேன். பயனற்ற கூட்டத்தின் செலவை விடுதிக் கணக்கில் மட்டுந் தேடுதல் தவறு.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் 47 முதல் 50 வரை அடுத்தடுத்து நிற்பதைக் கற்றோர் அறிவர். செய்வது இன்னதென ஆராய்தல் முன்னும், அதற்குரிய வலிமையை அளத்தல் அடுத்தும், காலந் தெரிதல் அதன் பின்னும், இடந் தெரிதல் நான்காவதாகவும் அங்கே வைக்கப்பட்டுள்ளன. இன்று வெளியிடக் கூட்டம் கூட்டுவோரிற் பலர் இம்முறையைத் தலைகீழாக்குகின்றனர். முதலில் விடுதி ஒழுங்கு செய்யப்படும். விடுதியில் அறை கிடைக்கும் நாளே கூட்ட நாளாகும். பின்னர் யாரை அழைப்பது எனப் பட்டியல் எழுதப்படும். எதனைப் பேசுவது என்பது புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, விரைவாக, யாரேனும் ஓர் உத்தியோகத்தரின் தலையில் விழும். இடம் வினாவைப் பிறப்பிக்காது. வினாவோடு சென்றவர்க்கே இடம் உதவும். இதனை விளக்குதற்கு ஒரே மலையில் மூன்று வேறு காலங்களில் நிகழ்ந்த மூன்று கூட்டங்களை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், வாசிங்டன் நகரிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவில், மலைக்காட்டினுள்ளே அந்நாட்டுச் சனாதிபதிக்குரிய ஓய்விடம் ஒன்றுண்டு. 1942இல் றூஸ்வெல்ற் அதனைத் தம் ஓய்விடமாக்கி, நாவலொன்றில் வரும் கற்பனை நாட்டின் பெயரை அதற்கு இட்டார். 1953இல் ஐசனோவர் தம் பேரனின் பெயரால் அதனைக் காம்ப் டேவிட் என மாற்றினார். மரஞ்செடிகளின் இடையே குடில்களும் அவற்றை இணைக்கும் நடைபாதைகளுமாய் அமைந்த இடம் அது.

1978 செப்டெம்பர் 5ஆம் நாள் எகிப்தின் சனாதிபதி சதாத்தும், இஸ்ரேலின் பிரதமர் பெகினும், சனாதிபதி கார்ட்டரின் அழைப்பை ஏற்று அங்கு வந்து சேர்ந்தனர். அதற்கு முந்திய ஆண்டு நவம்பரிலே சதாத் யெரூசலேம் சென்று இஸ்ரேலியப் பாராளுமன்றத்தில் உரையாற்றியது உலகை வியக்கவைத்தது. ஆயின் அவ்வியப்புக் கருமமாய் முதிரவில்லை. 1978 யூலையில் இங்கிலாந்தின் லீட்சு கோட்டையில் வெளிநாட்டமைச்சர்கள் கூடினர். அக்கோட்டை எழில்மிக்கதே எனினும் உடன்பாடொன்றும் பிறக்கவில்லை. அதன் பின்னரே கார்ட்டர் தம் கைப்பட எழுதிய அழைப்புக் கடிதங்களை ஓகஸ்ட் திங்களில் இருவருக்கும் அனுப்பினார். பகைநாட்டுத் தலைவர் இருவரும் ஒரு நிறுவனத்தின் தலைமைக் குழுவினரும் ஒப்பாவரோ என வினவலாம். ஒப்பாகார்தாம், எனினும் சிறிய எழுத்தில் மங்கித் தோன்றுவதைப் பெரிய எழுத்தில் தெளிவாய் வாசிக்கலாமன்றோ?

கூட்டத்துக்கு முன் கார்ட்டர் செய்த ஆயத்தம் நோக்கத்தக்கது. இரு தலைவரின் வாழ்க்கை, குணம், அரசியற் கட்டுப்பாடுகள் ஆகியவை பற்றிய குறிப்பேடுகளை அவர் விரிவாகப் படித்தார். எங்கே ஒருவர் வளைந்துகொடுப்பார், எங்கே முறிந்துவிடுவார் என்பதைத் தம் ஆலோசகரோடு ஆராய்ந்தார். பத்திரிகையாளர் மலையின் மேல் அனுமதிக்கப்படவில்லை. மூன்று தரப்புக்கும் பொதுவாக ஒரே பேச்சாளர் மட்டுமே செய்தி வெளியிடலாம் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. இதன் பயன் யாதெனின், முற்பகலிற் சொன்ன சொல்லைப் பிற்பகலில் மாற்றிக்கொள்வதற்கு ஒருவரும் நாண வேண்டியிருக்கவில்லை. ஊரறியச் சொன்ன சொல்லை மாற்றுதல் தலைவர்க்குத் தோல்வி. அறையினுள் மாற்றுதல் ஆலோசனை.

இத்துணை ஆயத்தமிருந்தும் முதலிற் செய்த ஒழுங்கு பிழைத்தது. இரு தலைவரையும் நேருக்கு நேர் அமரவைத்து, தாம் நடுவில் இருந்தால் நல்லெண்ணம் வளரும் எனக் கார்ட்டர் எண்ணியிருந்தார். சதாத் கடுமையான கோரிக்கைப் பத்திரம் ஒன்றை வாசித்தார், பெகின் அதனை வரிவரியாய் மறுத்தார், குரல்கள் உயர்ந்தன. மூன்றாம் நாளுடன் அவ்விருவரையும் ஒரே மேசையில் இருத்திப் பேசும் முறை கைவிடப்பட்டது. இங்கே அழைத்தவரின் திறமை தெரிகின்றது. தாம் வகுத்த நிரலைக் காப்பதற்காகக் கூட்டத்தைப் பலியிடாது, கூட்டத்தைக் காப்பதற்காக நிரலை அவர் மாற்றிவிட்டார். அதன்பின் அமெரிக்கர் ஒரு வரைவை எழுதி, அதனை ஒரு குடிலிலிருந்து மறு குடிலுக்குக் கொண்டு திரிந்தனர். "உமது நிலைப்பாடு யாது?" என்று இருவரையும் கேட்பதற்குப் பதிலாக, "இத்தாளில் உம்மால் ஏற்கமுடியாத வரி யாது?" என்று கேட்டனர். கேள்வி மாறியதும் விடையின் தன்மையும் மாறிற்று. நிலைப்பாட்டைக் காக்குமாறு கேட்டால் மனிதன் கோட்டை கட்டுவான். வரியைத் திருத்துமாறு கேட்டால் பேனாவை எடுப்பான். இவ்வாறு 23 வரைவுகள் எழுதப்பட்டன எனக் கணக்கிடுவர். சீனாய்ப் பகுதி பற்றிய வரைவைக் கார்ட்டர் தாமே தம் கையால் எழுதினார். நுணுக்கமான சொற்களை எகிப்தியரான ஒசாமா எல்-பாசு, இஸ்ரேலியச் சட்ட அறிஞரான ஆரோன் பராக் என்னும் இருவரோடிருந்து செப்பஞ் செய்தார். அவ்விருவருந் தத்தம் தலைவரினும் நிதானமாகச் சொற்களை எடைபோட வல்லவர்கள். தலைவர் மட்டுங் கூடினாற் போதாது, சொல்லைக் கையாளத் தெரிந்தவரும் உடன்வர வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று கார்ட்டர் இருவரையும் அண்மையிலுள்ள கெற்றிஸ்பேக் போர்க்களத்தைக் காண அழைத்துச் சென்றார். அங்கே பேச்சுவார்த்தைப் பொருளை எடுக்கலாகாது என்பது நிபந்தனை. 1863இல் உள்நாட்டுப் போரில் மூன்று நாட்களில் பல்லாயிரவர் மாண்ட களத்தில், போரறிந்த இருவர் நடந்தனர். இதனையே இக்காலத்து நிரலெழுதுவோர் "பொழுதுபோக்கு" என்று குறிப்பர். பந்தெறிந்து பெயர் சொல்லும் விளையாட்டுக்கும் இதற்குமுள்ள வேறுபாட்டை வாசகர் தாமே உணர்வர். கருமத்தைப் பேசாமலே கருமத்தின் கனத்தை உணர்த்தும் ஓய்வு இது.

பதினொராம் நாள் சதாத் பயணப் பொதிகளைக் கட்டிவிட்டார். கார்ட்டர் அவரது குடிலுக்குத் தனியே சென்று, அவர் புறப்பட்டாற் கெடக்கூடியவை யாவை என்பதை எடுத்துரைத்துத் தடுத்தார். கடைசி நாளிற் பெகின் யெரூசலேம் பற்றிய கடிதமொன்றினாற் சினந்து உடன்பாட்டையே மறுக்கும் நிலையிலிருந்தார். அப்போது கார்ட்டர், மூவரும் இருக்கும் நிழற்படங்களிற் பெகினுடைய பேரக் குழந்தைகள் ஒவ்வொருவரின் பெயரையுந் தனித்தனி எழுதிக் கையொப்பமிட்டு எடுத்துச் சென்றார். பெயர்களை வாசித்த பெகினின் குரல் தழுதழுத்தது. இந்நிகழ்ச்சியைச் சிலர் உடன்பாட்டின் காரணமாகவே கூறுவர், அது மிகை. பதின்மூன்று நாள் உழைப்பில் முதிர்ந்த வரைவு மேசைமேல் இல்லையாயின், நிழற்படம் நினைவுப்பொருளாய் மட்டுமே போயிருக்கும். அன்றிரவே, செப்டெம்பர் 17இல், வெள்ளை மாளிகையில் இரண்டு பத்திரங்கள் கைச்சாத்தாயின. அவை பேசிமுடித்த ஒப்பந்தங்களல்ல, ஒப்பந்தத்துக்கான சட்டகங்களே.

அவ்விரண்டு பத்திரங்களின் பிற்கால வரலாறே நமக்கு மிகுந்த பாடந் தருவது. எகிப்துக்கும் இஸ்ரேலுக்குமிடையிலான முதற் கருமத்தில் யார், எதனை, எப்போது செய்வது என்பன துலக்கமாக எழுதப்பட்டிருந்தன. சீனாயிலிருந்த இஸ்ரேலியக் குடியேற்றங்களை அகற்றுவதைப் பாராளுமன்றத்தின் முன் வைப்பதாகப் பெகின் ஒப்பினார். அவ்வாறே அத்திங்களிலேயே வைத்தார். 84 வாக்குகள் ஆதரவாகவும் 19 எதிராகவும் விழுந்தன. மூன்று திங்களுட் சமாதான உடன்படிக்கை என்ற இலக்குத் தவறியது. கார்ட்டர் 1979 மார்ச்சிற் கைரோவுக்கும் யெரூசலேமுக்கும் நேரிற் சென்று முடிச்சுக்களை அவிழ்த்த பின், 26ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1982 ஏப்பிரலில் தாபா என்னுஞ் சிறு பகுதி தவிரச் சீனாய் முழுதும் எகிப்துக்கு மீண்டது. அவ்வுடன்படிக்கை இன்றும் நிலைத்து நிற்கின்றது.

மற்றைய பத்திரம் யோர்தானின் மேற்குக்கரை, காசா ஆகியவற்றின் எதிர்காலம் பற்றியது. அங்கே சொற்கள் ஒவ்வொருவருந் தத்தமக்கேற்பப் பொருள் கொள்ளுமாறு அமைந்தன. யாருடைய வாழ்வைப் பற்றிப் பேசினரோ அப்பாலஸ்தீனர் அம்மலையில் இல்லை. அன்றியும், பேச்சுவார்த்தை நடைபெறுங் காலத்தில் அங்கே புதிய குடியேற்றங்களை நிறுத்துவதாகப் பெகின் ஒப்பினார் எனக் கார்ட்டர் விளங்கிக்கொண்டார். பெகினோ மூன்று திங்களுக்கே ஒப்பியதாகக் கூறினார். நள்ளிரவுவரை நீண்ட உரையாடலிற் பிறந்த அவ்வுடன்பாடு, இருவரும் ஏற்ற எழுத்தில் அமையுமுன்னரே கைச்சாத்து வைபவம் நிகழ்ந்துவிட்டது. எகிப்தின் வெளிநாட்டமைச்சர் கமால் அம்மலையிலேயே பதவி துறந்தார். எழுதாது விட்ட ஒரு வரியும் அழையாது விட்ட ஒரு தரப்புமே இரண்டாம் பத்திரத்தின் குறைகளிற் தலையாயவை என்பது என் கருத்து.

அடுத்த ஆண்டே அதே மலையில் அதே கார்ட்டர் இன்னொரு கூட்டம் நிகழ்த்தினார். 1979 கோடையில் எண்ணெய்த் தட்டுப்பாட்டால் அமெரிக்க நகரங்களில் வாகனங்கள் நீண்ட வரிசையில் நின்றன. யூலை 5ஆம் நாள் ஆற்றவிருந்த உரையைக் கைவிட்டு, மலையில் ஏறக்குறையப் பத்து நாள் தங்கி, ஆளுநர், மதகுருமார், தொழிற்சங்கத்தார், வணிகர், அறிஞர் என நூற்றுக்கு மேற்பட்டோரை வரவழைத்துக் கருத்துக் கேட்டார். கேட்டல் நற்பண்பே. ஆயினும், வந்தோர் மாறிக்கொண்டிருந்தனர். பேசுபொருள் எண்ணெயிலிருந்து ஆட்சிமுறைக்கும், ஆட்சிமுறையிலிருந்து மக்களின் மனநிலைக்கும் விரிந்துகொண்டே சென்றது. முன்னைய ஆண்டிற் போல ஒரே தாளைச் சுற்றி ஒரே மனிதர் உழைக்கும் நிலை அங்கில்லை. யூலை 15இல் ஆற்றிய உரை முதலில் நல்வரவேற்பே பெற்றது. இரண்டு நாளின் பின் அமைச்சரவை முழுவதன் பதவித்துறப்புக் கடிதங்களும் பெறப்பட்டு, ஐவர் விலகினர். நாட்டு மக்கள் மலையில் நிகழ்ந்ததையும் இதனையும் இணைத்துப் பார்த்து, அரசு நிலைகுலைந்ததோ என ஐயுற்றனர். ஆலோசனைக்குப் பின் தலைவர் முதலிற் செய்யுஞ் செயலே அவ்வாலோசனையின் பொருளாகப் பிறரால் வாசிக்கப்படும். நிறுவனத் தலைவர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

மூன்றாவது கூட்டம் 2000 யூலை 11 முதல் 25 வரை நிகழ்ந்தது. சனாதிபதி கிளின்ரன், இஸ்ரேலியப் பிரதமர் எகூட் பராக், பாலஸ்தீனத் தலைவர் அரபாத் ஆகியோர் கூடினர். (இப்பராக் முற்கூறிய சட்ட அறிஞரல்லர்.) 1978ஆம் ஆண்டின் வெற்றியே இவ்விடத்தைத் தெரிவதற்கு ஒரு தூண்டுதல். அதே குடில்கள், அதே நடைபாதைகள். நாட்களோ இரண்டு மேல். உடன்பாடு இல்லை. போதிய ஆயத்தமில்லை, காலந் தாழ்த்துக என அரபாத் முன்னரே வேண்டியிருந்தார். பராக்கும் அரபாத்தும் தனித்திருந்து பேரம் பேசவேயில்லை. இடையில் அழைத்தவராகிய கிளின்ரன் யப்பானின் ஒக்கினாவாவில் நிகழ்ந்த மாநாட்டுக்குச் சென்று சில நாட்களின் பின் மீண்டார். தோல்விக்கு யார் காரணர் என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. அதனுட் புகுதல் நம் நோக்கமன்று. மலைக்கு மந்திர ஆற்றல் இல்லை என்பதற்கு இக்கூட்டம் போதிய சான்று.

அரசியலை விட்டு அறிவுத்துறைக்கு வரின், 1975 பெப்ரவரியிற் கலிபோர்ணியாவின் அசிலோமார் என்னுங் கடற்கரையிடத்தில் உயிரியல் அறிஞர் கூடியமை நினைவுக்கு வரும். ஓருயிரின் மரபணுவை வேறோருயிரின் மரபணுவோடு இணைக்கும் முறை அப்போது புதிது. அதனால் தீங்கு நேருமோ என அஞ்சிப் போல் பேர்க் முதலியோர் 1974இல் அத்தகைய ஆய்வுகளிற் சிலவற்றைத் தாமாகவே நிறுத்திவைக்குமாறு வேண்டியிருந்தனர். நிறுத்தியதை எந்நிபந்தனையோடு தொடங்குவது என்பதே அசிலோமாருக்குக் கொண்டுசென்ற வினா. ஏறக்குறைய 140 பேர், நான்கு நாள். சிறு குழுக்கள் முன்கூட்டியே அறிக்கைகளை எழுதிவந்தன. பத்திரிகையாளர் அனுமதிக்கப்பட்டனர், ஆனால் கூட்டம் முடியும்வரை செய்தி அனுப்பலாகாது என்பது கட்டுப்பாடு. இங்கும் வாதம் சிதறியே தொடங்கிற்று. கடைசி மாலையிற் சட்டத்தரணிகள் எழுந்து, விபத்து நேரின் பொறுப்பு யாருடையது என்பதை விளக்கியபின் அவையின் தொனி மாறியது என்பர். அன்றிரவு ஒழுங்கமைப்பாளர் உறங்காதிருந்து வரைவெழுதி, மறுநாட் காலையில் அவையின் முன் வைத்து ஒப்புதல் பெற்றனர். 1976இல் அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம் வகுத்த விதிகளுக்கு அதுவே அடிப்படையாயிற்று. ஒழுக்கவியற் கேள்விகளையும் உயிரியற் படைக்கலங்களையும் அக்கூட்டம் வேண்டுமென்றே தள்ளிவைத்தது. அதனைக் குறையெனக் கூறுவாருளர். நான்கு நாளில் ஒரு கேள்விக்கு விடைகாண முயன்றவர் ஏனையவற்றை ஒதுக்கியதைக் குறையென்று முற்றாகக் கூற எனக்கு மனமில்லை.

இனி, இவற்றை நம்மனோர் பாடசாலைக்கும் பணிமனைக்கும் எவ்வாறு பொருத்துவது? ஒரு கல்லூரியின் அதிபரும், உப அதிபர்களும், பகுதித் தலைவர்களும், பழைய மாணவர் சங்கத்தின் செயலாளரும் எனப் பதின்மர் இரண்டு நாள் வெளியே கூட எண்ணுகின்றனர் எனக் கொள்வோம். "கல்லூரியின் எதிர்கால வளர்ச்சி" என்பது வினாவன்று, அது தலைப்பு. தலைப்பைக் கொண்டுசென்றவர் தலைப்போடே திரும்புவர். "வரும் ஆண்டிற் கிடைக்கும் நிதியைக் கொண்டு உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு தொடங்குவதா, உள்ள விஞ்ஞான ஆய்வுகூடத்தைப் புதுப்பிப்பதா?" என்பது வினா. அதற்கு விடை சொன்னால் ஒருவர்க்கு மகிழ்ச்சியும் ஒருவர்க்கு வருத்தமும் உண்டாகும். யாருக்கும் வருத்தந் தராத வினாவுக்காக ஊரைவிட்டுப் போக வேண்டியதில்லை. அதனைத் திங்கட்கிழமைக் கூட்டத்திலேயே முடிக்கலாம்.

வினா தெளிந்தபின், அதற்கு வேண்டிய கணக்குகளும் விவரங்களும் ஒரு கிழமைக்கு முன்னரே எல்லோர் கையிலும் எழுத்திற் சேர்தல் வேண்டும். அறிக்கையை வாசித்துக் காட்டுவதற்குக் கந்தோரே போதும். கூடவே, இரண்டு பக்கத்தில் ஒரு முதல் வரைவையும் யாரேனும் எழுதிக் கொண்டுவருதல் நன்று. வரைவு பிழையாயிருக்கலாம், பிழையான வரைவு வெறுந்தாளினும் மேலானது. திருத்துவதற்கு ஏதேனும் இருந்தாலன்றிப் பதின்மரின் பேச்சுப் பத்துத் திசையில் ஓடும்.

அதிபரின் இடம் பற்றி ஒன்று கூற வேண்டும். காம்ப் டேவிட்டிற் கார்ட்டர் நடுவர். கல்லூரியில் அதிபரோ நடுவருமாவார், ஒரு தரப்புமாவார். அவர் முதலில் தம் கருத்தைச் சொல்லிவிட்டால் ஏனையோர் அக்கருத்துக்கு உரை எழுதுவோராய் விடுவர். ஆதலின், கூட்டத்தை நடத்தும் பொறுப்பை அனுபவமிக்க பகுதித் தலைவர் ஒருவரிடம் ஒப்படைத்து, அதிபர் கடைசியிற் பேசுதல் பொருந்தும். இது நம் மரபுக்கு மாறானது, மூத்தோரைப் பின்னிறுத்துவது எனச் சிலர் கூறலாம். தீர்ப்புச் சொல்லும் ஊர்ப் பெரியவர் வழக்கு முழுவதையுங் கேட்டபின்பே வாய்திறப்பார் என்பதை அவர்க்கு நினைவூட்டுவேன். இன்னொன்று: அழைத்தவர் இடையில் எழுந்து போகலாகாது. "அமைச்சிலிருந்து அழைப்பு வந்தது" என்று அதிபர் முதல்நாள் மாலையே மலையிறங்கினால், மறுநாள் அங்கு நடப்பது சுற்றுலாவே.

நேரத்தை நிரலால் நெருக்குவதும் பிழை. உணவுவேளையிலும், மாலை நடையிலும், முற்பகலிற் சினந்து பேசிய இருவர் தனியே சந்தித்தல் நிகழும். அதற்கு வெறுமையான ஒன்றரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். மாறாக, கடைசி முற்பகல் முழுவதையும் எழுத்துக்கென ஒதுக்குதல் இன்றியமையாதது. முடிவுகள் எழுதப்பட்டு, உரத்து வாசிக்கப்பட்டு, ஒவ்வொருவரும் அதனைத் தாம் எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பதைத் தம் சொல்லிற் கூறுதல் வேண்டும். "இதென்ன, சிறுபிள்ளை வகுப்பா?" என்று ஒருவர் நகைப்பார். நகைக்கட்டும். மூன்று திங்களா, பேச்சுவார்த்தை முடியும்வரையா என்ற பேதம் வெளிப்படுவது அப்போதேயன்றி வேறெப்போது?

வராதவரைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதின்மர் செல்லின், ஏனைய ஆசிரியர் அறுபதின்மரும் மாணவரும் கல்லூரியில் இருப்பர். தொழினுட்பப் பிரிவு பற்றித் தீர்மானிக்கும்போது அதனைக் கற்பிக்க வேண்டிய இளம் ஆசிரியர் அங்கில்லையாயின், ஒன்றில் அவரை அழைத்தல் வேண்டும், அன்றேல் அவரிடம் முன்கூட்டிக் கேட்டறிந்து செல்லுதல் வேண்டும். திரும்பிய முதற் கிழமையிலேயே எழுதிய தாளை ஆசிரியர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுக. வதந்தி தாளினும் விரைந்து நடப்பது.

மூன்று திங்கள் கழித்து ஒரு பிற்பகல், அதே பதின்மரும் அதே தாளுடன் ஒரு மணி நேரம் இருந்து, எவை நடந்தன, எவை நடக்கவில்லை, நடக்காதவற்றை யார் முடிப்பது என ஒவ்வொரு வரியாய்ப் பார்த்தல் போதும். அதற்கு மலையேற வேண்டியதில்லை. கல்லூரி நூலகத்தின் பின்னறை போதும். தேநீரும் சிற்றுண்டிச்சாலையிலிருந்தே வரலாம்.